இரண்டாம் மாதிரி

ஆராய்ச்சிக்காக எடுத்த ரத்தத்தில் கண்ட எதையும், இரண்டாவது மாதிரியில் உறுதி செய்யும் வரை, யாரிடமும் சொல்லக் கூடாது. உறுதி செய்த பின்பும், அந்த ரத்தத்துக்கு உரியவரிடம் மட்டும், அவராகக் கேட்டால் மட்டும் சொல்லலாம். இரண்டாவது மாதிரி கேட்பதாக இருந்தால் குடும்பத்தில் ரத்தம் கொடுத்த எல்லாரிடமும் கேட்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் கேட்பது அவருக்கு நோய் இருக்கிறது என்று தண்டோரா போடுவதற்குச் சமம்.

"தண்டோரா" விதியில் இல்லை, என் சேர்க்கை. மற்றபடி எங்கள் ஆய்வகத்தின் நெறிக் குழுவுக்குச் செயலாளராக இருந்து, இந்த விதியைத் தட்டச்சு செய்து, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக் கோப்பில் கட்டிவைத்தவள் நான்தான். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடமும் இப்படி ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். நீங்களும் படிக்காமல் போட்டிருப்பீர்கள். குறையாகச் சொல்லவில்லை. ஜெல் ஓட்டுவது, நொதியை எந்தச் சூட்டில் வைப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைச் சொல்ல ஓய்வுபெற்ற ஒருத்தியைக் கூப்பிட வேண்டியதில்லை. அந்த மூன்றாவது வாக்கியத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நான் புற்றுநோய் மரபியலுக்குள் வழி தவறி வந்தவள். என் பாடம் துணைப்புரதங்கள். ஆர்.எஸ்.புரத்துப் பட்டுக்கடைகளில் பார்த்திருப்பீர்கள்: புடவையை விரித்துப் போட்டு விலை சொல்பவர் ஒருவர், அவருக்குப் பின்னால் வாயே திறக்காமல், விரித்ததை எல்லாம் மறுபடி மடித்து அடுக்குபவர் இன்னொருவர். செல்லுக்குள் அந்த இரண்டாமவர்தான் துணைப்புரதம். மற்ற புரதங்கள் ஒழுங்காக மடிய உதவிவிட்டு விலகிக்கொள்ளும். பி53 என்று ஒரு புரதம், செல்லுக்குக் காவல்காரன் மாதிரி. அதன் மரபணுவில் சில பிழைகள் நேர்ந்தால் அது சரியாக மடிவதில்லை. துணைப்புரதமும் அதை விட்டு விலகாமல் பிடித்துக்கொண்டே நிற்கும். எனக்கு அந்தப் பிடிதான் முக்கியம். யாருடைய கட்டி என்பது குப்பியின் மேல் ஒட்டிய எண்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூர் அறுவை மருத்துவர் ஒருவர் ஐஸில் வைத்து அனுப்பிய மார்பகக் கட்டியில் அந்தப் பிடி வழக்கத்தைவிட அழுத்தமாகத் தெரிந்தது. அவரிடம் விசாரித்தேன். "உடுமலைப்பேட்டைப் பக்கம், தென்னந்தோப்புக் குடும்பம். இவங்க அக்காவும் இதே நோயில, சின்ன வயசுலயே போயிட்டாங்க" என்றார். பிறவியிலேயே பி53 பிழையோடு வரும் குடும்பங்கள் உண்டு என்பது அப்போதுதான் தெரிய வந்திருந்தது. அப்பாவிடமோ அம்மாவிடமோ இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பிள்ளை ஆணா பெண்ணா என்று அது பார்ப்பதில்லை. குடும்பம் முழுவதன் ரத்தமும் வேண்டும் என்று நோயாளியான அம்மாளிடம் கேட்டோம். "எம்பையனுக்குக் காதுகுத்து வருதுங்க. ஒறம்பரை எல்லாம் ஒரே எடத்துல இருப்பாங்க. அப்ப வந்துருங்க" என்றார். சொந்தக்காரர்களை வீடு வீடாகத் தேடி அலைகிறவர்களுக்கு இது நான் தரும் இலவச ஆலோசனை.

பந்தலில் உட்கார்ந்து வம்சாவளி எழுதினோம். என் ஆய்வு மாணவி அங்கிருந்த ஒருவரிடம், உங்களுக்கு அண்ணன் தம்பி எத்தனை பேர் என்று கேட்டாள்.

"பதினொண்ணுங்க."

அவள் மலைத்துப்போய் பதினொரு கட்டம் வரைந்து முடிக்கும்வரை அவர் பொறுமையாகக் காத்திருந்தார். பெரியப்பன் சித்தப்பன் பிள்ளைகளும் அதில் அடக்கம் என்று பிறகுதான் தெரிந்தது.

"கூடப் பொறந்தவங்க எத்தனை பேருங்க?"

"அப்படிக் கேக்கோணுமுங்க, அம்மணி. நான் ஒண்டிதானுங்க."

குழந்தையை மடியில் வைத்துக் காது குத்த உட்கார்ந்திருந்தவர் தாய்மாமன், நோயாளிக்கு அண்ணன். ஊசி என்றதும் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தபோது, அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "பொடுசுக்குக் குத்தியாச்சு. அடுத்து எனக்குக் குத்துங்க" என்றார். அதற்குப் பிறகு வரிசை நின்றது. அவருக்கு ஒரு மகன். மூத்தது பெண், பத்து வயது இருக்கும்போது ஆடி நோம்பிக்குக் கட்டிய தூரியிலிருந்து விழுந்து, கால் வீங்கி, காலை எடுத்தும் பிழைக்கவில்லை என்றார். அங்கே நோம்பி என்றால் பண்டிகை, ஆடி நோம்பி பதினெட்டாம் பெருக்கு; தூரி என்றால் ஊஞ்சல். எழுதிக்கொண்டேன்.

கடைசியாக ரத்தம் கொடுத்தவள் கோகிலவாணி. இறந்துபோன அக்காவின் மகள், உடுமலையில் பட்டப்படிப்பு முடித்தவள். தாய்மாமன் மகனுக்கு முறைப்பெண். நிச்சயம் செய்ய நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரத்தத்தை எங்கே வைப்பீர்கள், எத்தனை நாள் வைப்பீர்கள், முடிந்ததும் எங்கே கொட்டுவீர்கள் என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் பெட்டியில் இருந்த குழாய்த் தாங்கி நிறைந்துவிட்டது. அவள் குழாயைப் பஞ்சில் சுற்றி ஓரமாக வைத்தோம்.

ஜீப் வழக்கம்போல ஒர்க்‌ஷாப்பில் இருந்ததால் பஸ்ஸில் திரும்பினோம். உக்கடம் குளத்துக்குப் பக்கத்தில் டிரைவர் பிரேக் போட்டதில், இருக்கைக்குக் கீழே இருந்த தேங்காய் மூட்டை நகர்ந்து எங்கள் பெட்டியில் இடித்தது. தாங்கியில் இருந்தவை எல்லாம் பத்திரம். பஞ்சில் இருந்தது உடைந்தது.

மறுநாள் என் மாணவி அறிவுள்ள யாரும் செய்யக்கூடியதைச் செய்தாள். தொலைபேசியில் கூப்பிட்டு இன்னொரு மாதிரி கேட்டாள். அந்தக் குடும்பம் கொடுத்திருந்தது பி.பி. எண். உங்களில் பாதிப் பேர் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்: வீட்டில் தொலைபேசி இல்லாதவர்கள் பக்கத்துக் கடையின் எண்ணைத் தங்கள் எண்ணாகக் கொடுப்பார்கள், கடைக்காரர் ஆள் அனுப்பித் தகவல் சொல்வார். இந்தக் குடும்பத்துக்கு அது ஒரு கொப்பரை மண்டி. "கோகிலவாணி மட்டும் இன்னொரு தடவை ரத்தம் குடுக்க வரணும், மத்தவங்க வேண்டாம்" என்று இவள் சொல்ல, மண்டிக்காரர் தவறு நேரக் கூடாது என்று எடைபோட வந்திருந்தவர்கள் முன்னால் அதை உரக்கத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். பொறுப்பான மனிதர்.

"சொல்லிட்டேன் மேடம்" என்று வந்து நின்றாள். விதியின் மூன்றாவது வாக்கியத்தை ஒப்பித்தேன்.

"ஆனா மத்தவங்க ட்யூப் உடையலையே மேடம்" என்றாள்.

அதற்குப் பதில் ஊரிடம் இருந்தது.

அடுத்த வாரம் கோகிலவாணி வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"ஏனுங் மேடம், எனக்கு எத்தனை நாளுங்க?"

"எதுக்கு?"

"உசுரோட இருக்கத்தானுங்க. ஊர்ல ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்றாங்க. உங்க கணக்கையும் கேட்டுப்போட்டுப் போலாம்னு வந்தேன்."

தேங்காய் மூட்டையின் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"நான் நம்பறனுங்க. எங்க மாமா நம்போணுமே. எல்லார்த்து ட்யூப்பும் முழுசா வந்து சேந்துதாம், கல்யாணத்துக்கு நிக்கறவ ட்யூப்பு மட்டும் ஒடைஞ்சுதாம். நல்லா இருக்குதுங்களா கேக்கறதுக்கு?"

"கல்யாணத்தை நிறுத்திட்டாங்களா?"

"நிறுத்தலீங். நாள் பாக்கறதத்தான் நிறுத்திப்போட்டாங்க. தாய்மாமன் ஊட்டுலயே வேண்டாம்னா, வேற எவன் ஊட்டுலீங்க எடுப்பாங்க?"

"பையனைப் பிடிச்சிருக்கா?"

"சின்னதுல இருந்து சண்டை போட்டுப் பழகிப்போச்சுங்க. இனி வேற ஆளோட மொதல்ல இருந்து பழகோணுமுங்களே."

அன்றும், பிறகு இன்னொரு நாளும் ரத்தம் எடுத்தோம். இரண்டிலும் பிழை இல்லை. அவள் கேட்டாள், விதிப்படி சொன்னேன். "இதையே ஒரு காயிதத்துல எழுதிக் குடுத்துருங்க மேடம்" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

யோசிக்கக் காரணம் இருந்தது. மற்றவர்களின் முடிவுகள் அதற்குள் வந்திருந்தன. நோயாளியின் ரத்தத்தில் பிழை, எதிர்பார்த்ததுதான். அதே பிழை தாய்மாமனிடமும். ஒரே ஒரு சோதனை, உறுதி இல்லை. ஆனால் நான் எழுதிவைத்திருந்த, அவர் மூத்த மகளின் வீங்கிய காலையும் நினைத்துப் பார்த்தேன். விழுந்ததால் எலும்பில் புற்று வருவதில்லை. ஏற்கெனவே இருந்த புற்றைத்தான் விழுந்த அடி வெளியே காட்டும்.

நிலைமையைப் பாருங்கள். இல்லாதவளுக்கு இருக்கிறது என்று ஊர் நம்புகிறது. இருக்கக்கூடியவர் அவளை வேண்டாம் என்று சொல்லத் தயாராகிக்கொண்டிருக்கிறார். அப்படியென்றால், காதுகுத்தன்று ரத்தம் கொடுக்காத அவர் மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இது முழுவதும் தெரிந்தவள் வாயைத் திறக்கக் கூடாது.

எங்கள் துறைத்தலைவரிடம் போனேன். குடிக்கத் தண்ணீர் வரவில்லை என்று சொன்னாலும் "எழுத்துல குடுங்க" என்பவர். அன்று அதைச் சொல்லவில்லை.

"சர்டிபிகேட் குடுக்கப் போறீங்களா? குடுங்க. நாளைக்கு இன்னொரு பொண்ணு வருவா. அவளுக்கு இருக்கும். அவளுக்கு என்ன குடுப்பீங்க?"

"ஒண்ணும் குடுக்க மாட்டேன் சார்."

"அப்ப அதுதான் அவளுக்கு சர்டிபிகேட்."

அவரே தொடர்ந்தார்.

"ஜாதகத்தோட சேர்த்து இதையும் கேக்க ஆரம்பிப்பாங்க. பொண்ணுகிட்ட மட்டும் கேப்பாங்க, பையன்கிட்டக் கேக்க மாட்டாங்க. நீங்களும் நானும் அப்புறம் முத்திரை குத்திக்கிட்டே உக்காந்திருக்க வேண்டியதுதான். உங்க விதியில மூணாவது என்ன?"

"எல்லார்கிட்டயும் கேக்கணும்."

"கேளுங்க. இது லேப் பண்ணுன தப்புன்னு சொல்லிக் கேளுங்க. கொஞ்சம் அவமானமா இருக்கும். உங்களுக்கு அது நல்லது."

கொப்பரை மண்டிக்கு நானே பேசினேன். மாதிரிகளைப் பத்திரமாகக் கொண்டுவரத் தெரியாதது எங்கள் தவறு, ஒன்று உடைந்துவிட்டது, எல்லாரிடமும் மறுபடி எடுத்தால்தான் எங்கள் கணக்கு சரியாகும் என்றேன். மண்டிக்காரர் இந்த முறையும் சத்தமாகத் திருப்பிச் சொன்னார். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"சங்கடப்படாதீங்க டாக்டரம்மா" என்றார் அவர். "நானே ஆள் உட்டுச் சொல்லிப்போடறேன். அடுத்த தடவை வைக்கோல் வெச்சுக் கட்டுங்க. மாம்பழமே அப்படித்தானுங்க கொண்டு போறோம்."

யாரும் வரவில்லை. குடும்பத்துக்குப் பெரியவரான தாய்மாமன் கையை நீட்டாமல் மற்றவர்கள் நீட்ட மாட்டார்கள். பெரியவர் மட்டும் ஒரு நாள் இளநீர்க் குலையோடு என் அறைக்கு வந்தார். சுகம் விசாரித்தார், மழை விசாரித்தார், என் மேசை மின்விசிறி ஏன் ஒரு பக்கமே பார்க்கிறது என்று விசாரித்தார்.

"ஒரே ஒரு கேள்விதானுங்க" என்றார் கடைசியில். "புள்ளைக்கு இருக்குதுங்களா, இல்லீங்களா?"

"அது அவ ரத்தங்க. அவளைத்தான் நீங்க கேக்கணும்."

"அவ இல்லீன்னுதான் சொல்றா. வேற எப்படிச் சொல்லுவா? நீங்க வாயைத் தொறக்கோண்டாமுங்க. தலையை ஆட்டுனாப் போதும்."

தலையை ஆட்டுவது பற்றி எங்கள் விதியில் ஒன்றும் இல்லை. அந்தக் குறையை அப்போதுதான் கவனித்தேன். கழுத்தைப் பிடித்துவைத்தது போல உட்கார்ந்திருந்தேன்.

"எனக்கு இருக்கறது ஒரே பையனுங்க. ஒண்ணைக் குடுத்துட்டு நிக்கறேன்" என்றார். கெஞ்சவில்லை. தோப்புக்குப் பாத்தி கட்டுவதைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

ஒரு தலையசைப்பில் அந்தப் பெண்ணின் பேர் மீண்டுவிடும். அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணமும் நடந்துவிடும். இவர் சந்தோஷமாக ஊருக்குப் போய்ச் சேர்வார், தன் ரத்தத்தில் இருப்பது தெரியாமல். அதோடு, அடுத்து யார் கேட்டு வந்தாலும் நான் தலையை ஆட்டியாக வேண்டும்.

"உங்க ரத்தத்தைப் பத்திக் கேளுங்க" என்றேன். "இன்னொரு தடவை குடுத்துட்டு நீங்க கேட்டா, பதில் சொல்ல எனக்கு உரிமை இருக்கு."

"என்ற ரத்தத்துக்கு என்னுங்க? அது பொம்பளைங்க நோவுதானுங்களே?"

"எல்லார்கிட்டயும் சொல்றதைச் சொல்றேங்க. இந்த மாதிரிக் குடும்பத்துல ஆம்பளைங்ககிட்டயும் இருக்கும். ஒருத்தருக்கு மார்புல வரும், ஒருத்தருக்கு வராமலே போகும், ஒரு குழந்தைக்கு எலும்புல வரும். ஒரே வயித்துல பொறந்தவங்க எல்லார்த்துக்கும் ஒரே கணக்கு."

மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூத்தவ தூரியில இருந்து விழுந்தாளுங்க" என்றார், நான் கேட்காமலே.

"சொன்னீங்க. எழுதிவெச்சிருக்கேன்."

"விழுந்ததுனாலதானுங்க."

அது கேள்வியா இல்லையா என்று எனக்குப் புரியவில்லை. கேள்வி என்றால் நான் பதில் சொல்லலாமா என்பதும் தெரியவில்லை. அவர் எழுந்து போனார். போய்ட்டு வாரேன் என்று சொல்லவில்லை. அந்தப் பக்கத்து மனிதர் அதைச் சொல்லாமல் படியிறங்கினால், உங்கள் வீட்டுக்கு இனி வருவதற்கில்லை என்று அர்த்தம்.

நான் விதியை மீறினேனா என்று நீங்கள் விவாதிக்கலாம். எந்தக் குழு முன்பும் மீறவில்லை என்று வாதாடி என்னால் ஜெயிக்க முடியும். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பொதுவாகச் சொல்வது போல ஒருவரிடம் மட்டும் பேசுவது எப்படி என்று எந்தக் கையேட்டிலும் போடவில்லை.

பிறகு காத்திருந்தோம். என் மாணவிக்குப் பொறுக்கவில்லை. மகனுக்கு மொட்டைக் கடிதாசி போட்டுவிடலாமா என்று கேட்டாள். அனுப்புகிறவர் பேர் இல்லாத கடிதாசிக்கு எங்கள் ஆய்வகத்தில் தபால் தலை தருவதில்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை. நீங்களும் சிரிக்க வேண்டாம். அந்த வாரங்களில் நானே இரண்டு முறை உடுமலை பஸ் நிற்கும் இடம் வரை போய்விட்டு, காய் வாங்க வந்தவள் போலத் திரும்பியிருக்கிறேன். போய் என்ன சொல்வது? கேட்காதவரிடம் சொன்னால், தெரியாமல் இருக்கும் உரிமையையும் அவரிடமிருந்து பிடுங்கியதாகும். கோகிலவாணி பக்கம் பார்த்தால், ஒவ்வொரு நாளும் அவள் பேர் இன்னும் கொஞ்சம் கெட்டுக்கொண்டிருந்தது. இரண்டும் உண்மை. எது கனம் என்று சொல்ல உங்களுக்கு ஒரு தராசு தருவார்கள் என்று நினைத்து இந்த வேலைக்கு வந்திருந்தால், இப்போதே வேறு துறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆடி பிறந்த பிறகு கோகிலவாணி ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாள்.

"மாமா ஒண்ணும் பேசறதில்லீங் மேடம். ஆனா தோப்புல தூரி கட்டச் சொல்லிப்போட்டாருங்க. மாமாவூட்டு அக்கா போனதுல இருந்து எங்கூட்டுல தூரியே கட்டுனதில்லீங். அத்தை அழுகுது. எதுக்குன்னு யாருக்கும் தெரியல."

எனக்குத் தெரிந்தது. ஆனால் அதையும் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

சில நாள் கழித்து ஒரு வேன் எங்கள் வளாகத்துக்குள் வந்து நின்றது. காதுகுத்துப் பந்தலில் பார்த்த முகங்கள் எல்லாம் இறங்கின. கூடவே தூக்குப்போசிகளில் புளிச்சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு. அமராவதி ஆற்றங்கரைக்கு எடுத்துப்போகக் கட்டியதை இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஆய்வக வளாகத்தில் உணவுப் பொருள் கூடாது என்று துறைத்தலைவர் வெளியே வந்தார். யாரோ அவர் கையில் ஒரு வாழை இலைத் துண்டைக் கொடுத்தார்கள். எழுத்துல குடுங்க என்று அவர் சொல்வதற்குள் அதில் சோறு விழுந்துவிட்டது.

தாய்மாமன் நேராக உள்ளே வந்து ரத்தம் எடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தார். மற்றவர்கள் கதவருகே நெருக்கிக்கொண்டு நின்றார்கள். சட்டைக் கையை மடித்தார்.

"எல்லார்த்துக்கும் கேக்கட்டுமுங்க" என்றார். "கோகிலாவுக்கு ஒண்ணுமில்லீங். அவ மொதல்லயே சொன்னா, நாந்தான் நம்பல. ஏதாச்சும் இருந்தா எங்கிட்டத்தானுங்க இருக்கும். மூத்தவ தூரியில விழுந்து சாகல."

பின்னால் யாரோ விசும்பினார்கள். அத்தை என்று நினைக்கிறேன். மகன் அவருக்கு அடுத்து நிற்பதற்காக முன்னால் வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"ஊசியைப் பாக்காதீங்க மச்சான்" என்றாள் கோகிலவாணி அவனிடம். "என்னையப் பாருங்க. அது இன்னும் பயமா இருக்கும், இது தெரியாது."

சிலர் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இப்பக் கேக்கறனுங்க, டாக்டரம்மா. என்ற ரத்தத்துல என்ன இருக்குதுன்னு எனக்குச் சொல்லோணும். எப்பன்னு சொல்லுங்க, நானே வந்து கேட்டுக்கறேன். பையனுக்கு அவன் கேப்பான்."

சொல்கிறேன் என்றேன். என் மாணவி ஊசியை எடுத்தாள். குழாயில் ஒட்டும் சீட்டில் பெயருக்குக் கீழே பேனாவை வைத்துவிட்டு, இன்னிக்கு என்ன தேதி என்று பொதுவாகக் கேட்டாள்.

அவர்தான் பதில் சொன்னார்.

"ஆடிப் பதினெட்டு, கண்ணு."